விளக்கு எரிகிறது, தண்ணீர் பச்சையாகவே இருக்கிறது: உறையைத் துடைப்பதா, விளக்கை மாற்றுவதா, கருவியையே மாற்றுவதா?

மீன் குளத்திலோ நீச்சல் குளத்திலோ பொருத்திய புற ஊதா சுத்திகரிப்பான் கெட்டுப்போகும்போது, அது முற்றிலும் அணைந்துபோய்த் தன் பழுதைக் காட்டிக்கொள்வது குறைவு. பார்வைத் துளையில் நீல ஒளி வழக்கம்போல் தெரிகிறது, பம்ப் ஓடுகிறது, மின்சாரமும் செலவாகிறது. தண்ணீர் மட்டும் நாளுக்கு நாள் பச்சை ஏறிக்கொண்டே போகிறது. அந்த நிலையில் விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் உறையைச் சுத்தம் செய்யலாம், விளக்கை மாற்றலாம், சோக்கை மாற்றலாம், நீரோட்டத்தின் வேகத்தைக் குறைக்கலாம், அல்லது முழுக் கருவியையும் கழற்றிவிட்டுப் புதியது வாங்கலாம். இவற்றின் செலவு ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகிறது. பெரும்பாலானோர் நேராகப் புதிய விளக்கு வாங்கச் செல்கிறார்கள். அது தீராவிட்டால் அடுத்து முழுக் கருவியையும் மாற்றுகிறார்கள். என் கருத்தில் இந்த வரிசை தவறானது. எது குறைந்திருக்கிறது என்பதைக் கண்டறியாமல் எதை மாற்றுவது என்று முடிவு செய்ய இயலாது. அதைக் கண்டறிவதற்குச் செலவு ஏதும் இல்லை.

எது குறைந்தது?

புற ஊதா விளக்கு நீரில் எந்த வேதிப்பொருளையும் கலப்பதில்லை. 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள யூவி-சி கதிர், உயிரணுவின் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்து இருக்கும் தைமின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அதன் பிறகு அந்த உயிரணுவால் பெருக முடிவதில்லை. எத்தனை உயிரணுக்கள் இவ்வாறு முடங்கும் என்பதை, கதிரின் வலிமையும் அதன் முன்னே நீர் இருக்கும் நேரமும் சேர்ந்த பெருக்கற்பலன் தீர்மானிக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு மில்லிவாட் கதிர் ஒரு விநாடி விழுந்தால் அந்த அளவு ஒரு மில்லிஜூல். ஆகவே தண்ணீர் தெளியாததற்கு, விளக்கு தரும் கதிர் குறைந்திருக்க வேண்டும், அல்லது விளக்குக்கும் நீருக்கும் இடையே ஏதோ ஒன்று கதிரை மறைக்க வேண்டும், அல்லது நீர் அளவுக்கு மீறிய வேகத்தில் கடந்து செல்ல வேண்டும். இம்மூன்றும் சரியாக இருந்தால், கோளாறு கருவியில் இல்லை, நீரில் இருக்கிறது.

அந்தக் கடைசி வாய்ப்பை முதலில் ஒதுக்கிவிடுவது நல்லது. ஒரு கண்ணாடி டம்ளரில் குளத்து நீரை எடுத்து, வெள்ளைத் தாளின் முன் வைத்துப் பார்த்துவிட்டு, ஓரிரவு அசைக்காமல் விட்டுவிட வேண்டும். காலையில் நீர் அப்படியே பச்சையாக இருந்தால் அது நீரில் மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. புற ஊதா விளக்கு வெல்லக்கூடிய எதிரி அதுவே. அடியில் வண்டல் படிந்து மேல்நீர் தெளிந்திருந்தால், வடிகட்டியைத்தான் கவனிக்க வேண்டும். விளக்கை மாற்றிப் பயனில்லை. நீர் தெளிவாகவும் தேநீர் நிறத்திலும் இருந்தால், இலை தழைகள் ஊறிக் கசிந்த டானின் அதில் கலந்திருக்கிறது. அது யூவி-சி கதிரைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்வதால், எவ்வளவு புதிய விளக்கானாலும் அந்த நீரில் சில சென்டிமீட்டர் தூரம்கூடச் சரியாக ஊடுருவாது. கற்களிலும் சுவரிலும் பற்றிக்கொண்டு நீளும் நூல்பாசியோ விளக்கின் அருகே வருவதே இல்லை. அதைக் கையால் அகற்றுவதும், மீன் தீனியைக் குறைத்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் கட்டுப்படுத்துவதுமே வழி. நூல்பாசியைக் காட்டி விளக்கு மாற்றச் சொல்லும் விற்பனையாளரின் சொல்லைக் கேட்கும் முன் இதை நினைவில் கொள்வது பணத்தை மிச்சப்படுத்தும்.

உறையைச் சுத்தம் செய்வது

பச்சை நீர்தான் என்று உறுதியான பின் நான் முதலிடம் தருவது உறைக்கு. சாதாரணக் கண்ணாடி யூவி-சி கதிரைத் தடுத்துவிடும் என்பதால்தான் விளக்கைச் சுற்றிக் குவார்ட்ஸ் குழாய் போடப்படுகிறது. விளக்கின் வெதுவெதுப்பால் அந்தக் குழாயின் வெளிப்பரப்பு நீரைவிடச் சூடாக இருக்கிறது. நீரில் கரைந்துள்ள கால்சியம் உப்பு சூடு கூடக்கூடக் குறைவாகவே கரையும் என்பதால், அது சரியாக அந்தப் பரப்பின் மீதே சுண்ணாம்பாகப் படிகிறது. இரும்பு கலந்த நிலத்தடி நீராக இருந்தால் படிவு செம்பழுப்பாக இருக்கும். பம்ப் நின்றபோதும் விளக்கு எரிந்துகொண்டிருந்தால், தேங்கிய நீர் சூடேறிப் படிவு இன்னும் கெட்டியாகிறது. அதனால் விளக்கும் பம்பும் ஒரே சுவிட்ச்சில் இயங்கும்படி அமைப்பது நல்லது.

இதில் பலரை ஏமாற்றும் ஒரு நுணுக்கம் உண்டு. உறையை நீரிலிருந்து எடுத்தவுடன் பார்த்தால் அது பளிங்கு போலத் தெளிவாகவே தெரியும். ஈரம் படிவின் சொரசொரப்பை நிரப்பி மறைத்துவிடுகிறது. துணியால் துடைத்து, கால் மணி நேரம் காயவிட்டுப் பார்த்தால்தான், முழு நீளத்துக்கும் வெளுத்த திரை ஒன்று படர்ந்திருப்பது புலப்படும். நகத்தால் இழுத்தால் கோடு விழும். அந்தக் கோட்டின் உள்ளே தெரியும் தெளிவுக்கும் வெளியே தெரியும் வெண்மைக்கும் உள்ள வேறுபாடே நீர் இத்தனை நாள் இழந்த கதிர். ஈரமாக இருக்கும்போது பார்த்து ‘உறை சுத்தமாகத்தான் இருக்கிறது’ என்று மூடிவிட்டு விளக்கை மாற்றியவர்கள், புது விளக்கை அதே திரைக்குப் பின்னால் எரியவிடுகிறார்கள்.

சுத்தம் செய்வதற்கு வினிகரோ, நீரில் கரைத்த சிட்ரிக் அமிலமோ போதும். உறையை அதில் ஊறவைத்து, மென்மையான துணியால் துடைத்து, நல்ல நீரில் அலச வேண்டும். கம்பி நாரும் சொரசொரப்பான தேய்ப்புத் தூளும் குவார்ட்ஸில் கீறல் விழச் செய்யும். கீறிய பரப்பில் அடுத்த படிவு இன்னும் விரைவாகப் பற்றும். நீச்சல் குளத்துக் கருவியாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: அமிலத்தையும் குளோரின் மருந்தையும் எந்தச் சூழ்நிலையிலும் ஒரே பாத்திரத்திலோ ஒரே குழாயிலோ சேரவிடக் கூடாது; அவை சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு வெளிப்படும். உறையைக் கழற்றும்போது அதன் இரு முனைகளிலும் உள்ள ஓ-ரிங் வளையங்களையும் பார்த்து, இறுகிப்போயிருந்தால் மாற்றிவிட வேண்டும். மீண்டும் பொருத்திய பின், விளக்கை உள்ளே நுழைக்காமலேயே பம்பைச் சிறிது நேரம் ஓடவிட்டு உறைக்குள் நீர் கசிகிறதா என்று பார்ப்பது, பின்னால் வரக்கூடிய மின்கசிவுக் கோளாறு ஒன்றை முன்கூட்டியே தடுக்கும்.

இந்த வழிக்குச் செலவு மிகக் குறைவு. உழைப்பு அரை நாள். உடைத்துவிடும் அபாயம் ஓரளவு உண்டு. கடின நீர் உள்ள இடங்களில் இதைப் பழுது நீக்கும் வேலை என்று கருதாமல், பருவந்தோறும் செய்யும் பராமரிப்பு என்றே கொள்ள வேண்டும்.

விளக்கை மாற்றுவது

கண்ணுக்குத் தெரியும் நீல ஒளி, பாதரச ஆவி உமிழும் ஒளியில் நமக்குப் புலப்படும் சிறு பகுதி மட்டுமே. வேலை செய்யும் 254 நானோமீட்டர் கதிர் நம் கண்ணுக்குப் புலப்படுவதே இல்லை. விளக்கு பழசாக ஆக, அதன் கண்ணாடிச் சுவர் மெல்ல மங்கி யூவி-சி கதிரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. நீல ஒளி ஏறத்தாழ முன்பு போலவே தெரியும். இதனால்தான் குறைந்த அழுத்தப் பாதரச விளக்குகளின் ஆயுளை அவை அணைந்துபோகும் நாளைக் கொண்டு கணக்கிடுவதில்லை. எரிந்த மணிநேரத்தைக் கொண்டே கணக்கிடுகிறார்கள். தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு 8,000 முதல் 9,000 மணி நேரம். இடைவிடாமல் எரிந்தால் ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம் ஆகிறது என்பதால், ‘ஆண்டுக்கு ஒரு விளக்கு’ என்ற வழக்கம் இங்கிருந்துதான் வந்தது.

எனவே விளக்கை மாற்ற வேண்டுமா என்பதை அதன் தோற்றத்தை வைத்து முடிவு செய்ய இயலாது, நாட்காட்டியே சாட்சி. பொருத்திய தேதியைக் கருவியின் மேல் அழியாத மையால் எழுதிவைத்திருப்பவருக்கு இது ஒரு நொடியில் தீரும் கேள்வி. எழுதிவைக்காதவர், ஓராண்டு கடந்திருக்கும் என்று தோன்றினாலே மாற்றிவிடுவது நலம். ஆண்டின் சில மாதங்கள் மட்டுமே விளக்கை எரியவிடுபவர்கள், பாசி பெருகும் வெயில் காலத்தின் தொடக்கத்தில் மாற்றுவதே பொருத்தம். வெயில் முடியும்போது மாற்றினால் விளக்கின் வலிமையான மாதங்கள் தேவையில்லாத காலத்தில் வீணாகும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று டைமர் வைத்து நாளுக்குப் பல முறை அணைத்து ஏற்றுவதும் நல்லதல்ல. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் மின்முனைகள் தேய்கின்றன.

வாங்கும்போது வாட் அளவும் முனை அமைப்பும் பழையதோடு பொருந்த வேண்டும். முனை பொருந்துவது மட்டும் போதாது என்பதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இக்கருவிகளில் பயன்படும் நான்கு முனை விளக்குகளின் அதே அடிப்பகுதியோடு அறைக்கு வெளிச்சம் தரும் சாதாரண விளக்குகளும் விற்கப்படுகின்றன. அவை அச்சாகப் பொருந்தும், பளிச்சென்று எரியும், யூவி-சி கதிர் மட்டும் வெளியே வராது. உண்மையான யூவி-சி விளக்கின் குழாய் உட்பூச்சு இல்லாமல் முழுத் தெளிவாக இருக்கும். உள்ளே வெள்ளைப் பூச்சோ, கருநீலக் கண்ணாடியோ இருந்தால் அது வேறு வேலைக்கான விளக்கு. பொருத்தும்போது குழாயை வெறுங்கையால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை கதிரை மறைக்கும் கறையாகத் தங்கிவிடும். பட்டுவிட்டால் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிடலாம்.

திறந்த நிலையில் விளக்கை எரியவிட்டுச் சோதிப்பது, எவ்வளவு அனுபவம் உள்ளவரும் செய்யக் கூடாத வேலை. யூவி-சி கதிர் கண்ணின் கருவிழியையும் தோலையும் எரிக்கும். வலி அப்போதே தெரியாமல் சில மணி நேரம் கழித்தே தொடங்குவதால், பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற எண்ணம் முதலில் ஏற்பட்டுவிடுகிறது. பார்வைத் துளை எதற்காகவோ அதற்காகவே அதைப் பயன்படுத்த வேண்டும்.

விளக்கு எரியவே இல்லையெனில்: சோக்கா, விளக்கா?

இது மற்றதைவிட எளிய வழக்கு, ஏனெனில் பழுது தன்னைத்தானே அறிவித்துவிட்டது. மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, நான்கு முனை விளக்காக இருந்தால் மல்டிமீட்டரால் அதன் இரு மின்னிழைகளையும் அளந்து பார்க்கலாம். எந்த இரண்டு முனைகள் ஒரே இழைக்கு உரியவை என்பது விளக்கின் அமைப்பைப் பொறுத்தது. இரண்டு இழைகளிலும் சில ஓம் காட்டினால் இழைகள் அறுந்துபோகவில்லை என்று கொள்ளலாம். ஒன்று அறுந்திருந்தாலும் விளக்கை மாற்ற வேண்டும். இழைகள் சரியாக இருந்தும் எரியாவிட்டால் சந்தேகம் சோக்கின் மேல் விழுகிறது. மூடியைத் திறந்ததும் கருகிய வாடையோ, உப்பிய மின்தேக்கியோ, துருவேறிய முனைகளோ அதை உறுதிப்படுத்தும். மூடி சரியாக அமரவில்லையெனில் விளக்கை எரியவிடாத பாதுகாப்பு சுவிட்ச் பல கருவிகளில் உண்டு. சோக்கைக் குறை சொல்லும் முன் மூடியை ஒரு முறை இறுக்கிப் பார்ப்பது நல்லது.

சுவிட்சைப் போட்டவுடன், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புச் சாதனம் விழுந்தால், விளக்கும் சோக்கும் முதல் குற்றவாளிகள் அல்ல. உறை விரிசல் விட்டோ ஓ-ரிங் தளர்ந்தோ உள்ளே நீர் புகுந்திருக்கிறது என்றே முதலில் கொள்ள வேண்டும். மீண்டும் மீண்டும் ஏற்றிப் பார்ப்பதற்கு இங்கே இடமில்லை. அந்தச் சாதனமே இல்லாத இணைப்பில் இப்படிப்பட்ட கருவியை ஓட்டுவதற்கும் இடமில்லை.

சோக்கு மட்டும் தனியாகக் கிடைக்குமானால் மாற்றுவது சரி. அது கருவியின் தலைப்பகுதியோடு வார்க்கப்பட்டு, முழுத் தலையையும் வாங்க வேண்டுமென்றால், அதன் விலையைப் புதிய கருவியின் விலையோடு ஒப்பிட்டுவிட்டே முடிவு செய்ய வேண்டும்.

நீரோட்டத்தைக் குறைப்பது

காசே தேவைப்படாத இந்த வழியை யாரும் எளிதில் நினைப்பதில்லை. நீரோட்டம் பாதியானால் நீர் விளக்கின் முன் இருக்கும் நேரம் இரட்டிப்பாகிறது, அது பெறும் கதிரளவும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. பம்பைப் பெரிதாக்கிய பிறகு தண்ணீர் பச்சையானது என்று சொல்பவர்களிடம் கோளாறு பெரும்பாலும் இதுதான். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச நீரோட்ட அளவு, புதிய விளக்கையும் தெளிந்த நீரையும் வைத்துச் சொல்லப்பட்டது என்று எடுத்துக்கொண்டு, அதற்குக் கணிசமாகக் கீழே ஓட்டுவதே என் பரிந்துரை.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. நீரோட்டத்தை மிகவும் குறைத்தால், குளத்து நீர் முழுவதும் ஒரு முறை விளக்கைக் கடந்துவர ஆகும் நேரம் நீண்டு, பாசி பெருகும் வேகம் அதை முந்திவிடும். குளத்தின் மொத்த நீரும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சுழல வேண்டும் என்பது மீன் குளம் வைத்திருப்போர் பரவலாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. வடிகட்டிக்கு வேகமான நீரோட்டம் தேவைப்படுகிறதெனில், பம்பைத் தொடாமல், விளக்கைச் சுற்றி ஒரு கிளைக்குழாயும் வால்வும் வைத்து, நீரில் ஒரு பகுதியை மட்டும் விளக்கின் வழியே அனுப்பலாம். பிளம்பிங் வேலை தெரிந்தவருக்கு இது சிறிய வேலை.

முழுக் கருவியையும் மாற்றுவது

பிளாஸ்டிக் உடல் நொறுங்கத் தொடங்கியிருந்தால் இந்த வழி தவிர்க்க இயலாதது. யூவி-சி கதிர் பிளாஸ்டிக்கையும் மெல்ல அரிக்கிறது; உள்சுவரில் விரல் வைத்துத் தேய்த்தால் மாவு போல ஒட்டினாலோ, மூடியின் மரைகளில் வெடிப்பு தெரிந்தாலோ, புதிய விளக்கும் புதிய உறையும் போட்டுச் செலவழிப்பது வீண். அதே நேரத்தில் சோக்கும் கெட்டு உறையும் விரிசல் விட்டிருந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். துருப்பிடிக்காத எஃகு உடலுள்ள கருவிகள் இந்த அரிப்புக்கு உள்ளாவதில்லை என்பதால், அவற்றில் உதிரிகளை மாற்றி நீண்ட காலம் ஓட்டுவதே மலிவு. ஆனால் உப்பிலிருந்து குளோரின் உண்டாக்கும் உப்பு குளோரினேட்டர் வைத்த நீச்சல் குளத்தில் எஃகும் துருவேறலாம்.

மாற்றுவதென முடிவாகிவிட்டால், இன்னொரு கேள்வி: பாதரச விளக்கா, எல்.இ.டி.யா? யூவி-சி எல்.இ.டி.களில் பாதரசம் இல்லை, ஏற்றியவுடன் முழு வலிமை தருகின்றன, அடிக்கடி அணைத்து ஏற்றினாலும் தேய்வதில்லை. ஆனால் குறைந்த அழுத்தப் பாதரச விளக்கு தான் உண்ணும் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பயனுள்ள கதிராக மாற்றும் நிலையில், எல்.இ.டி.கள் அதில் சிறு பகுதியையே மாற்றுகின்றன. குடிநீர்க் குழாயின் முனையில் பொருத்தும் சிறு கருவிக்கு அவை ஏற்றவை. ஆயிரக்கணக்கான லிட்டர் சுழலும் குளத்துக்கு இப்போதைக்குப் பாதரச விளக்கே சரியான தேர்வு என்று நான் கருதுகிறேன்.

நீச்சல் குளத்துக்குக் கணக்கு வேறு

மேலே சொன்ன அனைத்தும் மீன் குளத்தை மனதில் வைத்து எழுதியவை. நீச்சல் குளம் பச்சையாகும்போது புற ஊதாக் கருவியைக் கழற்றுவது பெரும்பாலும் தவறான தொடக்கம். புற ஊதா ஒளிக்குத் தன் அறையைத் தாண்டிச் செல்லும் ஆற்றல் இல்லை. சுவரில் பற்றும் பாசியையும், ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு நீரிலேயே பரவும் கிருமியையும் தடுப்பது குளத்தில் கரைந்திருக்கும் குளோரின் மட்டுமே. எனவே முதலில் செய்ய வேண்டியது நீர்ப் பரிசோதனை: பிறவற்றோடு சேராமல் தனித்திருக்கும் குளோரின் அளவு, பி.எச்., வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கும் சயனூரிக் அமிலத்தின் அளவு. இவை சரியாக இருந்தும் கண் எரிச்சலும் ‘குளோரின் வாடை’யும் கூடியிருந்தால், அங்கேதான் விளக்கின் மேல் சந்தேகம் வர வேண்டும், ஏனெனில் அந்த வாடைக்குக் காரணமான குளோரமின்களைச் சிதைப்பது நீச்சல் குளத்தில் புற ஊதாக் கருவி செய்யும் முக்கிய வேலைகளில் ஒன்று. குளோரினைப் பல நாட்கள் தாங்கி நிற்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை முடக்குவது இன்னொன்று. விளக்கு குளோரினிலும் ஒரு பகுதியைச் சிதைக்கும் என்பதால், கருவி வடிகட்டிக்குப் பின்னும் குளோரின் சேரும் இடத்துக்கு முன்னும் இருக்க வேண்டும்; குளோரின் தாறுமாறாகக் குறையும் குளங்களில் குழாய் அமைப்பின் இந்த வரிசையைச் சரிபார்ப்பது எந்த உதிரியையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது.

மாற்றிய பின்

மீன் குளத்தில் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், ஒரே நேரத்தில் இரண்டை மாற்றுவது கூடாது. எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும். உறையைத் துடைத்தபின் ஒன்றிரண்டு வாரம் காத்திருந்து, மாற்றம் இல்லையெனில் அடுத்ததற்குச் செல்லலாம். விளக்கு ஓராண்டைக் கடந்திருந்தால் மட்டும் இதற்கு விதிவிலக்கு. உறையைக் கழற்றிய கையோடு அதையும் மாற்றிவிடலாம். மிகவும் அடர்ந்த பச்சை நீரில் புதிய விளக்கை ஏற்றும்போது, மொத்தமாக மடியும் பாசி அழுகி நீரின் ஆக்ஸிஜனைக் குடித்துவிடும் என்பதால், அந்த நாட்களில் காற்றுப் பம்பை இரவும் பகலும் ஓடவிட்டு, வடிகட்டியின் பஞ்சை வழக்கத்தைவிட அடிக்கடி அலச வேண்டும். மீன்களுக்கு மருந்து போட்டிருந்தால், அந்த மருந்தின் காலம் முடியும் வரை விளக்கை அணைத்து வைக்க வேண்டும். மலக்கைட் கிரீன் போன்ற சில மருந்துகளை ஒளி சிதைத்துவிடும்.

கழற்றிய பழைய விளக்கில் பாதரசம் இருக்கிறது. அதை உடைக்காமல், புதிய விளக்கு வந்த அட்டைப் பெட்டியிலேயே வைத்து, டியூப்லைட்டுகளையும் மின்கழிவுகளையும் பெற்றுக்கொள்ளும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். குளக்கரையில் உடைந்துவிட்டால், சில்லுகளை வெறுங்கையால் பொறுக்காமல், கையுறை அணிந்து அட்டைத் துண்டால் கூட்டி எடுத்து மூடியுள்ள பாத்திரத்தில் அடைக்க வேண்டும்; மூடிய அறையில் உடைந்தால் முதலில் சன்னல்களைத் திறந்து, சிறிது நேரம் வெளியே இருந்துவிட்டு வந்தே அந்த வேலையைத் தொடங்க வேண்டும்.